வாளி நிறையவில்லை!

சென்ற கோடையில் ஒரு நாள் மாலை. கத்தரி வெயில் சற்றே தணிந்து, கடற்காற்று மெல்ல எட்டிப் பார்க்கும் வேளை. வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தோம். கீழ்வீட்டுப் பாட்டியம்மாள் நின்றுகொண்டிருந்தார். எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர். லிப்டில் ஏறப் பயந்து படியேறியே வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கிற்று. புடவைத் தலைப்பால் மூடி எதையோ மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"ஸார், நான் சண்டைக்கு வரவில்லை. இதை மட்டும் பார்த்துவிடுங்கள்" என்று சொல்லித் தலைப்பை விலக்கினார்.

சட்டமிட்ட பழைய கல்யாணப் புகைப்படம் அது. கண்ணாடிக்குள் ஈரம் புகுந்திருந்தது. ஒரு மூலையில் தொடங்கிய பழுப்புக் கறை மாப்பிள்ளையின் தோளைக் கடந்து கன்னம் வரையில் படர்ந்துவிட்டது. அந்த மாப்பிள்ளை காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது.

நாம் தலை குனிந்தோம். அதற்குக் காரணம் உண்டு. இரண்டு வாரத்துக்கு முன்பே அந்த அம்மாள், இரண்டு வீட்டிலும் வேலை செய்யும் பெண்ணிடம், "எங்கள் படுக்கையறைச் சுவர் ஈரம் காண்கிறது, மேல் வீட்டில் ஏ.ஸி.யைக் கொஞ்சம் பார்க்கச் சொல்" என்று சொல்லியனுப்பியிருந்தார். நாம் அனுப்பிய பதில் என்ன தெரியுமா? "எங்கள் யந்திரம் வாங்கி இரண்டு வருஷந்தான் ஆகிறது. எங்கள் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழவில்லை. வேறு எங்கேயாவது பார்க்கச் சொல்லம்மா!" என்பதுதான்.

அந்த வார்த்தைகளில் பொய் ஒன்றும் இல்லை. யந்திரம் புதியதுதான், நம் வீட்டில் சொட்டு விழவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் நம் வீட்டில் விழவில்லை என்றால் வேறு யார் வீட்டில் விழுகிறது என்று நாம் கேட்டுக்கொள்ளவில்லை. அங்கேதான் பிசகு!

*

நமது படுக்கையறை யந்திரத்தின் வடிகுழாய் - மெக்கானிக்குகளின் பாஷையில் டிரெய்ன் பைப் - சுவருக்குள்ளேயே ஓடிப் பின்புறப் பால்கனியில் வெளிப்படுகிறது. அதன் வாயில் ஒரு வாளி வைத்திருக்கிறோம். இரவு முழுவதும் யந்திரம் ஓடினால் விடியற்காலையில் முக்கால் வாளித் தண்ணீருக்குக் குறையாது. அதை எடுத்துக் கொட்டும் பொறுப்பு நம் பையனுடையது.

சித்திரை பிறந்த பிறகு வாளித் தண்ணீர் குறையத் தொடங்கியது. முக்கால் வாளி அரை வாளியாயிற்று. அரை கால் ஆயிற்று. பிறகு அடி நனைவதே அபூர்வமாகிவிட்டது. பையனுக்குப் பரம சந்தோஷம். "அப்பா, நம் ஏ.ஸி. நல்ல பிள்ளையாகிவிட்டது!" என்றான். நாமும், "ஆமாம், மெக்கானிக் வந்து கேஸ் நிரப்பிப் போனதன் பலன்" என்று சொல்லி மகிழ்ந்தோம்.

இந்த இடத்தில் நேயர்களிடம் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் போதிப்பவர். ஆண்டுதோறும் எட்டாம் வகுப்புக் குழந்தைகளுக்குக் குளிர்ந்த மோர்த் தம்ளரை மேஜைமேல் வைத்துக் காட்டுகிறோம். தம்ளரின் வெளிப்புறத்தில் முத்து முத்தாகத் துளிகள் அரும்பும். "மோர் கசிகிறதா?" என்று கேட்போம். "இல்லை ஸார், காற்றிலுள்ள நீராவி!" என்று குழந்தைகள் ஒரே குரலில் சொல்வார்கள். குழந்தைகளுக்குத் தெரிந்தது வாத்தியார் வீட்டில் மறந்துபோயிற்று.

ஏ.ஸி.யிலிருந்து வடியும் தண்ணீரைக் கண்டால் யந்திரம் ஏதோ பழுதாகி ஒழுகுகிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது வெறும் பிரமை. யந்திரத்துக்குள்ளே தண்ணீர்த் தொட்டி ஒன்றும் இல்லை. அந்தத் தண்ணீர் நம் அறைக் காற்றின் தண்ணீர். 30 டிகிரி உஷ்ணமும் நூற்றுக்கு 75 பங்கு ஈரப்பதமும் உள்ள சென்னைக் காற்று, ஒரு கன மீட்டரில் 22 அல்லது 23 கிராம் நீராவியைச் சுமந்து நிற்கிறது. அதே காற்று யந்திரத்தின் குளிர்ச்சுருளைத் தொட்டு 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் ஏறக்குறைய ஒன்பதரைக் கிராமுக்கு மேல் அதனால் தாங்க முடியாது. மிஞ்சியது துளித்துளியாகச் சுருளின்மேல் படிந்து, கீழேயுள்ள தட்டில் சேர்ந்து, குழாய் வழியே வெளியேற வேண்டும். கதவிடுக்கில் நுழையும் வெளிக்காற்று, நமது மூச்சு, அறைக்குள் உலர்த்தும் ஈரத்துணி எல்லாம் மேலும் மேலும் ஈரத்தைக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருக்கும். புழுக்கமான நாளில் முழு மூச்சாக ஓடும் ஒன்றரை டன் யந்திரம் மணிக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை தண்ணீர் எடுப்பது சகஜம்.

'டன்' என்ற அளவுக்கும் ஒரு சிறு கதை உண்டு. செயற்கைக் குளிர் வருவதற்கு முன் உலகம் பனிக்கட்டியை நம்பியிருந்தது. அமெரிக்க வியாபாரி பிரெடரிக் டியூடர் கப்பலில் அனுப்பிய பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் சென்னைக் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். ஓர் அமெரிக்க டன், அதாவது 907 கிலோ பனிக்கட்டி, 24 மணி நேரத்தில் உருகி எவ்வளவு குளிர்ச்சி தருமோ, அவ்வளவு குளிர்ச்சி தரும் யந்திரம் ஒரு டன் யந்திரம். நம் அறையில் மாட்டியிருப்பது தினம் ஒன்றரை டன் பனிக்கட்டிக்குச் சமானம் என்றால், அதைச் சுற்றி நீர் அரும்புவதில் ஆச்சரியம் என்ன?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1902-ஆம் வருஷம் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சுக்கூடத்துக்குப் பெரிய தொல்லை ஏற்பட்டது. வர்ணப் படம் அச்சிட ஒரே காகிதத்தைப் பல முறை அழுத்த வேண்டும். காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்தும் சுருங்கியும் போனதால், ஒரு வர்ணம் இன்னொரு வர்ணத்தின்மேல் சரியாகப் பொருந்தவில்லை. வில்லிஸ் காரியர் என்னும் இருபத்தைந்து வயது எஞ்சினீயர் அந்தக் குறையைத் தீர்க்க ஒரு யந்திரம் வகுத்தார். இன்றைய குளிர்சாதனத்தின் மூதாதை அதுவே. ஆதியில் அது செய்ய வந்த வேலையே காற்றின் ஈரத்தை அடக்குவதுதான். ஆகவே யந்திரம் தண்ணீர் வடித்தால் அது தன் குலத்தொழிலைச் செய்கிறது என்று அர்த்தம். புழுக்கமான நாளில் யந்திரம் நன்றாகக் குளிர்ந்தும் வாளி நிறையவில்லை என்றால், தண்ணீர் வேறு எங்கேயோ போகிறது என்று அர்த்தம். ஒன்று பாதையில் தேங்குகிறது. இல்லை, பிறர் வீட்டுக்குள் போகிறது.

*

மறுநாள் ஒரு மெக்கானிக்கை அழைத்தோம். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பிள்ளை. கையில் கேஸ் உருளை இல்லாமல் வந்தபோதே நமக்கு அவனிடம் மதிப்பு உண்டாயிற்று. யந்திரத்தின் முகப்பைக் கழற்றி, "ஒரு சொம்பில் தண்ணீர் கொடுங்கள், ஸார்" என்றான். உள்தட்டில் மெதுவாக ஊற்றினான். "பால்கனிக்குப் போய்ப் பாருங்கள்" என்றான். போய் நின்றோம். ஐந்து நிமிஷம் ஆகியும் ஒரு சொட்டு வரவில்லை.

"தம்பி, அப்படியானால் ஊற்றிய தண்ணீர் எங்கே போயிற்று?" என்று கேட்டோம்.

அவன் பதில் சொல்லவில்லை. தரையை நோக்கி விரலைக் காட்டினான்.

குழாயின் வெளி வாயில் உறிஞ்சு யந்திரத்தைப் பொருத்தி இழுத்ததும் உள்ளேயிருந்து வந்த வஸ்துவை வர்ணிக்க நமக்கு விருப்பமில்லை. இலவம் பஞ்சு, துணித்தூசி, பூஞ்சை, நுண்ணுயிர்கள் எல்லாம் சேர்ந்து வளர்ந்த கொழகொழப்பான பாசி. இருட்டும் ஈரமும் உள்ள குழாய் அதற்கு நந்தவனம். வடிகட்டியை நாம் மாதக்கணக்கில் கழுவாததால் அதைத் தாண்டிப் போன தூசி அதற்கு உரம். போதாக்குறைக்குக் குழாயின் நுனி எப்பொழுதும் வாளித் தண்ணீரில் மூழ்கியிருந்தது. நுனி மூழ்கினால் உள்ளே அகப்பட்ட காற்று வெளியேற வழியின்றித் தண்ணீரின் ஓட்டம் தடைப்படும்; ஓட்டம் தடைப்பட்ட இடத்தில் பாசி பெருகும்.

பிறகு சுவரை உடைத்துப் பார்த்தோம். இரண்டு குழாய்த் துண்டுகள் இணையும் இடத்தில் பசை பூசாமல் வெறுமனே செருகிச் சுவரை மூடிவிட்டிருந்தார்கள், முதலில் மாட்டியவர்கள். முன்பக்கம் அடைப்பு, நடுவில் இளகிய இணைப்பு. தேங்கிய தண்ணீர் அந்த இணைப்பில் கசிந்து சுவருக்குள் இறங்கி, ஒரு மாடி கீழே, ஒரு கல்யாணப் படத்தின் பின்னால் வெளிப்பட்டிருக்கிறது. "யந்திரம் புதிது" என்று நாம் பெருமையடித்தோமே, அந்தப் புதுமையில் பசை பூசப்படவில்லை!

*

இனி, நேயர்கள் வீட்டில் இப்படி நேராதிருக்கச் செய்ய வேண்டிய காரியங்களைச் சொல்லிவிடுகிறோம். எதுவும் பெரிய வித்தையல்ல. யந்திரத்தில் கை வைக்குமுன் மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும் என்பது மட்டும் எல்லாவற்றுக்கும் பொதுவான கட்டளை.

முதலாவது, பதினைந்து நாளுக்கு ஒரு முறை வடிகட்டிகளை எடுத்துக் குழாய்த் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். வெயிலில் வைத்தால் அவை வளைந்துபோகும். வடிகட்டி அடைபட்டால் காற்றோட்டம் குறைகிறது. சுருள் மிதமிஞ்சிக் குளிர்ந்து அதன்மேல் பனிக்கட்டி கட்டுகிறது. யந்திரத்தை நிறுத்தியதும் அத்தனையும் ஒரேயடியாக உருகித் தட்டு தாங்காமல் சுவரில் வழிகிறது. 'ஓடும்போது ஒழுகவில்லை, நிறுத்தினால்தான் ஒழுகுகிறது' என்ற புகாருக்கு இது ஒரு முக்கியக் காரணம். கட்டிய பனியைக் கத்தியால் சுரண்டாதீர்கள், சுருள் பொத்தலாகிவிடும். குளிரூட்டலை நிறுத்தி, விசிறியை மட்டும் ஓடவிட்டு, தானாக உருக விடுங்கள்.

இரண்டாவது, வடிகட்டி சுத்தமாயிருந்தும் பனி கட்டினால் கேஸ் குறைந்திருக்கலாம். ஆனால் கேஸ் என்பது விளக்கு எண்ணெய்போல் எரிந்து தீரும் பொருளல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தது என்றால் எங்கோ பொத்தல் உண்டு. பொத்தலைக் கண்டுபிடிக்காமல் ஒவ்வொரு வருஷமும் நிரப்பச் சொல்பவரிடம், "எங்கே கசிகிறது, காட்டுங்கள்" என்று கேட்பது உங்கள் உரிமை.

மூன்றாவது, கோடை ஆரம்பத்தில் ஒரு முறையும் நடுவில் ஒரு முறையும் சொம்புப் பரீட்சை செய்யுங்கள். உள்தட்டில் அரை லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றினால் சில நிமிஷத்துக்குள் வெளிக்குழாயில் ஏறக்குறைய அவ்வளவும் வர வேண்டும். நீங்களே முகப்பைக் கழற்ற அஞ்சினால், சர்வீஸுக்கு வருபவரை உங்கள் கண்ணெதிரே செய்யச் சொல்லுங்கள். அடைப்பை நீக்க உறிஞ்சு யந்திரமே உத்தமம். கொதிநீர் ஊற்றினால் பிளாஸ்டிக் குழாய் இளகும். குளியலறை ஆஸிட் சுருளின் உலோகத்தைத் தின்னும். பிளீச்சிங் திரவத்தையும் ஆஸிட் அல்லது வினிகரையும் ஒருகாலும் கலக்காதீர்கள், விஷவாயு கிளம்பும்.

நான்காவது, மாட்டும் வேலை நடக்கும்போது வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்பது நல்லது. உள்பெட்டி மட்டமாக இருக்கிறதா, வடிகுழாய் எட்டு அடி ஓட்டத்துக்கு ஓர் அங்குலமாவது வெளிப்புறம் நோக்கித் தாழ்கிறதா, நடுவில் எங்கும் மேலேறியோ தொய்ந்தோ நிற்கவில்லையா, இணைப்புகளில் பசை பூசினார்களா - இவை நான்கையும் சுவர் மூடுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். மூடிய பிறகு சுவரைத்தான் கேட்க வேண்டும். செம்புக் குழாயின்மேல் சுற்றிய கறுப்பு உறை கிழிந்திருந்தால், மோர்த் தம்ளரைப்போல் அந்தக் குழாயும் வியர்த்துச் சொட்டும். அதை வடிகுழாயின் குற்றம் என்று எண்ணி ஏமாறுவோரும் உண்டு.

ஐந்தாவது, வடிகுழாயின் நுனி வாளித் தண்ணீரில் மூழ்காமல், நான்கு விரற்கடை உயரத்தில் நிற்கட்டும். அதைச் சாக்கடைக் குழாயோடு நேராக இணைத்துவிடும் வழக்கமும் இருக்கிறது. துர்நாற்றம் அதே வழியே படுக்கையறைக்கு விஜயம் செய்யும், ஜாக்கிரதை!

டில்லி முதலிய வட தேசத்து ஊர்களில் வசிக்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே சில யந்திரங்கள் குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கவும் செய்கின்றன. அப்போது முறை தலைகீழாகி, வெளியே மாட்டிய பெட்டியில் தண்ணீர் உண்டாகிறது. கோடையில் ஒரு சொட்டு விழாத வெளிப்பெட்டி தை மாதத்தில் கீழ்வீட்டுச் சன்னலில் சொட்டினால் திகைக்க வேண்டாம். அதற்கும் ஒரு குழாய் வைத்துவிட வேண்டியதுதான்.

வாளித் தண்ணீரை என்ன செய்வது? தரை துடைக்கலாம், கழிப்பறையில் ஊற்றலாம், தொட்டிச் செடிகளுக்கும் விடலாம். குடிக்கக் கூடாது; சுருளின் தூசியும் உலோகமும் கிருமியும் அதில் உண்டு. சுத்தமான வாலை நீர் என்று எண்ணி மின்கலத்துக்கு ஊற்றுவதும் தகாது. முக்கியமாக, வாளியைத் தினமும் கவிழ்த்துவிடுங்கள். டெங்குக் கொசு முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறக்க ஏழெட்டு நாள் போதும்; தேங்கிய நல்ல தண்ணீர்தான் அதற்குப் பிடித்த பிறந்தகம்.

*

நிற்க. இவ்வளவும் குழாயைப் பற்றிய சமாசாரம். குழாயை விடக் கஷ்டமான ஒரு சங்கதி இருக்கிறது.

தனி வீட்டில் குடியிருந்த காலத்தில் நம் வீட்டு ஒழுக்கு நம் தலையில்தான் விழுந்தது. ஆகையால் உடனே கவனித்தோம். அடுக்கு மாடியில் அப்படியில்லை. நமக்குத் தரையாக இருப்பது இன்னொருவருக்குக் கூரை. நம் அலட்சியத்தின் பலன் நமக்குத் தெரியாத இடத்தில், நமக்குத் தெரியாத வேளையில் விழுகிறது. ஆகவே இங்கே நம் கண்ணைவிடக் கீழ்வீட்டாரின் வார்த்தைதான் நம்பத் தக்க சாட்சி. "உங்கள் வீட்டுத் தண்ணீர் கசிகிறது" என்று ஒருவர் வந்து சொன்னால், "இல்லை" என்று சொல்வதற்கு முன் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். நமக்கு அந்தப் பரீட்சைக்கு ஆகியிருக்கக்கூடிய நேரம் ஐந்து நிமிஷம். செய்யாமல் விட்டது பதினாறு நாள்.

சுவரைப் பூசி, வர்ணம் அடித்துக் கொடுத்தோம். மின்சார ஸ்விட்சுப் பலகை வரையில் ஈரம் போகவில்லை என்பதையும் ஆள் வைத்துச் சோதித்தோம். போயிருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும். படத்தை ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து, கறை நீக்கிய பிரதி ஒன்று எடுத்துச் சட்டமிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பாட்டியம்மாள் அதை வாங்கி வெகு நேரம் பார்த்தார்.

"நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள், ஸார். ஆனால் அந்தப் படத்தின் பின்பக்கத்தில் அவர் கையெழுத்து இருக்கிறதே" என்றார்.

இப்பொழுது புதுப் பிரதி கூடத்தில் தொங்குகிறது. கறை படிந்த பழைய படம் படுக்கையறையில், வேறொரு சுவரில். அந்த அறைக்கு மேலே நம் யந்திரம் இன்றும் ஓடுகிறது.

நம் பையனுக்கு இப்போது வேலை மாறிவிட்டது. காலையில் எழுந்ததும் வாளி நிறைந்திருக்கிறதா என்று பார்க்கிறான். நிறைந்திருந்தால் நிம்மதியாகப் பல் தேய்க்கப் போகிறான். நிறையவில்லை என்றால் வந்து நம்மை எழுப்புகிறான். நேயர்களும் நாளைக் காலையில் தங்கள் வாளியை ஒரு முறை பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.